கடவுளும் மனிதரும்: கிறிஸ்தவ நம்பிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் கேட்பவையும், வாரம் தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களே தயங்கித் தயங்கிக் கேட்பவையும் இங்கே கலந்திருக்கின்றன. சபைகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். பைபிள் நூல்களின் பெயர்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி உள்ளன. கத்தோலிக்கர் கையில் இருக்கும் பதிப்பில் ஆதியாகமம் 'தொடக்கநூல்' என்றும், யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்' என்றும், சங்கீதம் 'திருப்பாடல்கள்' என்றும் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், இது எப்படிப்பட்ட உறவு?

படைத்தவருக்கும் படைக்கப்பட்டவருக்கும் உள்ள உறவு. அதுதான் அடித்தளம். அதன் மேல் பைபிள் வேறு பல உறவுகளை அடுக்கிக்கொண்டே போகிறது: அரசரும் குடிகளும், மேய்ப்பரும் ஆடுகளும், கணவனும் மனைவியும், தந்தையும் பிள்ளைகளும். யோவான் 15ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களிடம், இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்வதில்லை, சிநேகிதர் என்றேன் என்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. முதல் அடி எடுத்து வைப்பவர் கடவுள். ஆபிரகாம் கடவுளைத் தேடி அலைந்ததாக ஆதியாகமம் சொல்வதில்லை. திடீரென்று அழைப்பு வருகிறது, கிளம்புகிறார். மோசே மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். பேதுரு வலை வீசிக்கொண்டிருந்தார். பவுலோ நேர் எதிர்த்திசையில், இயேசுவின் சீடர்களைக் கட்டி இழுத்துவர தமஸ்குவுக்குப் போய்க்கொண்டிருந்தார். "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்ற இயேசுவின் சொல் (தெரிந்துகொள்வது என்றால் இங்கே தேர்ந்தெடுப்பது) இந்த நாலு பேருக்குமே பொருந்தும். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு வழி திறக்கும்.

கடவுளின் சாயலில் மனிதர் படைக்கப்பட்டார் என்றால், கடவுளுக்கு நம்மைப் போல முகமும் கைகால்களும் உண்டா?

இல்லை. கடவுள் ஆவியாயிருக்கிறார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. சாயல் என்பது உடலமைப்பைப் பற்றியது அல்ல என்பதில் ஏறக்குறைய எல்லாச் சபைகளும் ஒத்துப்போகின்றன. பிறகு எதைப் பற்றியது என்பதில்தான் விவாதம். பகுத்தறிவு என்றார்கள் சிலர். அன்பு செய்யும் ஆற்றல் என்றார்கள் சிலர். உறவுகொள்ளும் தன்மை என்றார்கள் வேறு சிலர்.

எனக்கு வரலாற்று விளக்கம்தான் அதிகம் பிடிக்கிறது. பழங்கால எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் 'கடவுளின் சாயல்' என்ற பட்டம் அரசனுக்கு உரியது. ஆதியாகமம் 1:27 அந்தப் பட்டத்தை எடுத்து, ஆண் பெண் என்ற பேதமில்லாமல் எல்லா மனிதருக்கும் சூட்டிவிடுகிறது. இதன் விளைவு சாதாரணமானதல்ல. ஆதியாகமம் 9:6 கொலையைக் குற்றம் என்று சொல்வதற்குக் காட்டும் காரணமே, கொல்லப்படுகிறவர் கடவுளின் சாயல் என்பதுதான். யாக்கோபின் நிருபம் என்ற புதிய ஏற்பாட்டுக் கடிதம் இன்னும் ஒரு படி போய், அதே வாயால் கடவுளைத் துதித்துவிட்டு அவர் சாயலான மனிதரைச் சபிப்பது எப்படித் தகும் என்று கேட்கிறது.

அப்படியானால் நமக்குள் இருக்கும் ஆன்மா கடவுளின் ஒரு பகுதியா?

கிறிஸ்தவ மரபின் பதில்: இல்லை. கடவுள் தம்மிலிருந்து ஒரு துண்டை எடுத்து உலகைச் செய்யவில்லை, இல்லாமையிலிருந்து படைத்தார் என்பதே போதனை. ஆதியாகமம் 2:7ல் மண்ணால் உருவான மனிதருக்குள் கடவுள் ஊதும் சுவாசம் அவர் தரும் உயிர். அவருடைய இயல்பின் பங்கு அல்ல. இந்த இடைவெளி கிறிஸ்தவர்களுக்கு முக்கியம். இருவர் இருந்தால்தானே அவர்களுக்கிடையே அன்பு என்று பேச முடியும்?

கடவுளுக்கு மனிதர் தேவையா? தனிமை தாங்காமல் படைத்தாரா?

தேவையில்லை. தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளுக்குள்ளேயே அன்பு என்றும் நிறைவாக இருக்கிறது என்பது திரித்துவப் போதனையின் உட்பொருள். ஒன்றும் தேவைப்படாதவர் படைத்தார் என்றால், படைப்பு முழுக்கக் கொடை. 1647ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை மனித வாழ்வின் தலையாய நோக்கம் என்ன என்ற கேள்வியோடு தொடங்குகிறது: கடவுளை மகிமைப்படுத்துவது, என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பது என்பது பதில். கண்டிப்புக்குப் பெயர்போன பியூரிட்டன் காலத்து ஆவணத்தில் 'மகிழ்வது' என்ற சொல் வந்து உட்கார்ந்திருப்பதை நான் ரசிப்பதுண்டு.

பாவம் என்றால் விதியை மீறுவது மட்டும்தானா?

மீறல் உண்டு. ஆனால் ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால், கனியைத் தின்றதற்குப் பிறகு நடப்பவைதான் அதிகம் பேசுகின்றன. ஆணும் பெண்ணும் இலைகளைத் தைத்துத் தங்களை மூடிக்கொள்கிறார்கள். பகலின் குளிர்ச்சியான வேளையில் கடவுள் தோட்டத்தில் உலாவும் சத்தம் கேட்டதும் மரங்களுக்குள்ளே ஒளிந்துகொள்கிறார்கள். கேட்டால், ஆதாம் ஏவாளைக் கை காட்டுகிறார். அவளைத் தந்ததே நீர்தானே என்று கடவுள் மீதும் ஒரு பழியைப் போடுகிறார். வெட்கம், பயம், பழிபோடுதல் மூன்றும் வரிசையாக வந்துவிடுகின்றன. உறவு முறிந்ததன் அறிகுறிகள் இவை.

அப்போதும் முதலில் பேசுபவர் கடவுள்தான். "நீ எங்கே இருக்கிறாய்?" தண்டனைத் தீர்ப்பு பிறகுதான் வருகிறது. வெளியே அனுப்புவதற்கு முன் தோல் உடைகளைச் செய்து உடுத்தி அனுப்புகிறார் என்ற வரியைப் பலர் கவனிப்பதில்லை.

ஆதாம் செய்ததற்கு நான் ஏன் குற்றவாளி?

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதற்கு ஒரே பதில் சொல்வதில்லை. மேற்கத்திய மரபில் ஆயர் அகுஸ்தீனின் செல்வாக்கு பெரிது: ஆதாமின் குற்றத்தில் மனிதகுலம் முழுதும் பங்கு கொண்டே பிறக்கிறது என்றார். அவர் காலத்தவரான பெலாஜியுஸ் இதை மறுத்து, மனிதர் முயன்றால் பாவமின்றி வாழலாம் என்று போதித்தார். 418ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் வேறு மாதிரி சொல்கின்றன: ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் சீர்கெட்ட நிலையும், குற்றம் அவரவருடையது. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வியும் இந்தப் பிறவிப் பாவம் நாம் 'செய்த' பாவம் அல்ல, நமக்கு 'வந்து சேர்ந்த' நிலை என்றே விளக்குகிறது. ஆகவே 'நான் குற்றவாளியா' என்று கேட்பதைவிட, 'நான் ஏன் நல்லதை அறிந்தும் செய்ய முடியாமல் நிற்கிறேன்' என்று கேட்டால் இந்தப் போதனை எதைச் சொல்ல வருகிறது என்பது புரியும். பவுல் ரோமர் 7ல் புலம்புவதும் இதைத்தான்.

உடன்படிக்கை, உடன்படிக்கை என்கிறார்களே, அது என்ன?

பைபிளின் முதுகெலும்பு. நோவாவோடு, ஆபிரகாமோடு, சீனாய் மலையில் இஸ்ரயேல் மக்களோடு, தாவீதோடு என்று கடவுள் தொடர்ந்து தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்கிறார். அவற்றில் ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஆதியாகமம் 15. பிள்ளையில்லாத ஆபிராம் (ஆபிரகாம் என்ற பெயர் பிறகுதான் வருகிறது) கடவுளிடம், எனக்கு என்ன தந்து என்ன, என் வீட்டு வேலைக்காரன்தானே வாரிசு என்று சலித்துக்கொள்கிறார். வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார் கடவுள். தேசமும் உனக்கே என்கிறார். ஆபிராம் நம்புகிறார், ஆனாலும் அதை எதைக்கொண்டு அறிவேன் என்று கேட்டுவிடுகிறார். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு கொண்டுவரச் சொல்கிறார் கடவுள். விலங்குகளை நடுவே வெட்டி, பாதிக்குப் பாதி எதிரெதிராக வைக்கிறார் ஆபிராம். பறவைகளை வெட்டவில்லை. பிணந்தின்னிப் பறவைகள் இறங்கி வர, அவற்றை விரட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். பொழுது சாய்கிறது. ஆழ்ந்த தூக்கம் வருகிறது, கூடவே பெரும் திகில்.

அந்தக் காலத்து வழக்கத்தில், வெட்டிய துண்டுகளுக்கு நடுவே நடப்பவர், நான் வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும் என்று தன்மேல் சாபமிட்டுக்கொள்கிறார். எரேமியா 34ஆம் அதிகாரத்தில் இதே வழக்கம் வெளிப்படையாகவே வருகிறது. இங்கே இருட்டில் புகைகிற சூளையும் எரிகிற தீவட்டியும் அந்தத் துண்டுகளின் நடுவே கடந்துபோகின்றன. கடவுளின் அடையாளம் அது. ஆபிராம் நடக்கவே இல்லை. தூங்கிக்கொண்டிருக்கிறார்.

வியாபார ஒப்பந்தமாக இருந்திருந்தால் இரண்டு பேரும் நடந்திருக்க வேண்டும். உடன்படிக்கையில் மனிதருக்குப் பொறுப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். சீனாயில் பத்துக் கட்டளைகள் வருகின்றன, மக்களும் 'செய்வோம்' என்று வாக்குக் கொடுக்கிறார்கள், மீறியும் விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் எரேமியா 31 கற்பலகையில் எழுதாமல் இதயத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கையைப் பற்றிப் பேசுகிறது. கடைசி இராவுணவில் கிண்ணத்தை எடுத்து 'என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை' என்று இயேசு சொன்னதாக லூக்கா எழுதும்போது, இந்த நீண்ட கதை முழுவதும் பின்னால் நிற்கிறது. திருப்பலியில், திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள் இன்றும் கேட்கும் சொற்கள் இவை.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர். சரிதானே?

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதைத்தான் சொன்னார்; ஒருபடி மேலே போய் இரண்டும் வேறு வேறு கடவுள்கள் என்றார். ஏறத்தாழ 144ல் ரோமைச் சபை அவரை விலக்கிவிட்டது. ஓசியா 11ஐ ஒருமுறை படியுங்கள்: குழந்தைக்கு நடை பழக்கிய பெற்றோராகக் கடவுள் பேசுகிறார்; தண்டிக்கலாம் என்று தொடங்கி, முடியாமல், என் இதயம் எனக்குள் குழம்புகிறது என்று திரும்பிவிடுகிறார். அதேபோல் நியாயத்தீர்ப்பைப் பற்றிக் கடுமையாகப் பேசும் இடங்கள் இயேசுவின் வாயிலும் ஏராளம். யுத்தப் பகுதிகள், யோசுவாவின் புத்தகம் போன்றவை உண்மையிலேயே கடினமானவை. சுலபமான விளக்கம் யாராவது தந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

கடவுள் ஏன் மனிதராக வந்தார்? தூதர் ஒருவரை அனுப்பியிருக்கலாமே?

அனுப்பினார், பலரை. இறைவாக்கினர்களின் வரிசையே அதுதான். செய்தி போதாது, ஆள் வர வேண்டும் என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் விளக்கியது ஏறக்குறைய இப்படி: மனிதருக்குள் இருந்த சாயல் அழிந்துகொண்டு வந்தது, அதைப் புதுப்பிக்க அந்தச் சாயலின் மூலமானவரே வர வேண்டியிருந்தது.

வந்தவர் யார் என்பதைத் துல்லியமாகச் சொல்லச் சபைக்கு நூற்றாண்டுக் கணக்கில் ஆனது. 325ல் நிசேயா சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்றது. 451ல் கால்செதோன் சங்கம், ஒரே ஆளில் முழுக் கடவுள் இயல்பும் முழு மனித இயல்பும் கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருக்கின்றன என்றது. காப்டிக், ஆர்மீனிய, சிரிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் கால்செதோனின் இந்த வரையறையை ஏற்கவில்லை. ஆனாலும் இயேசு முழுக் கடவுளும் முழு மனிதரும் என்பதில் அவற்றுக்கும் மறுப்பில்லை.

இது அவதாரம்தானே?

தோற்றத்தில் நெருக்கம் உண்டு, அதனால்தான் இந்தக் கேள்வி இயல்பாக எழுகிறது. கிறிஸ்தவர்கள் வலியுறுத்தும் வேறுபாடு இரண்டு. ஒன்று, இது ஒரே முறை நடந்தது, பொந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலம் என்று விசுவாச அறிக்கையே ஆட்சியாளர் பெயரோடு குறித்து வைக்கிறது. இரண்டு, அந்த மனித இயல்பு வேலை முடிந்ததும் களைந்துவிடப்பட்டதல்ல. உயிர்த்தெழுந்த இயேசு தோமாவிடம் கைகளையும் விலாவையும் காட்டும்போது காயங்கள் அப்படியே இருக்கின்றன. விண்ணகத்திலும் அவர் மனிதராகவே இருக்கிறார் என்பது நம்பிக்கை.

சிலுவை எதற்கு? மன்னிக்க வேண்டுமென்றால் சும்மா மன்னித்துவிடலாமே?

நியாயமான கேள்வி. சபை வரலாற்றில் ஒரு விந்தை உண்டு: திரித்துவத்தையும் கிறிஸ்துவின் இயல்புகளையும் வரையறுத்த பொதுச்சங்கங்கள், சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு ஒரே விளக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை. 'நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார்' என்று அறிக்கையிட்டதோடு நிறுத்திக்கொண்டன. அதனால் பல விளக்கங்கள் அருகருகே வாழ்கின்றன.

மரணத்தையும் தீமையையும் உள்ளே புகுந்து தோற்கடித்த வெற்றி என்று பழைய ஆசிரியர்கள் கண்டார்கள். கேன்டர்பரியின் அன்செல்ம் 1098 வாக்கில் எழுதி முடித்த நூலில், கடவுளின் மாண்புக்கு ஏற்பட்ட பங்கத்தை மனிதர் ஈடுசெய்ய வேண்டும், கடவுளால் மட்டுமே ஈடுசெய்ய முடியும், ஆகவே கடவுள்-மனிதர் தேவை என்று வாதிட்டார். அவருக்கு அடுத்த தலைமுறையில் பீட்டர் அபெலார்ட், சிலுவையில் தெரியும் அன்பு நம் கல் மனதை உருக்குவதை முன்னிறுத்தினார். புரோட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள் நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்பதை அழுத்தினார்கள்.

கோபம் கொண்ட தந்தை அப்பாவி மகனை அடித்துத் தீர்த்துக்கொண்டார் என்று சில பிரசங்கங்கள் கதை சொல்வது மட்டும் தவறு. தந்தையும் மகனும் ஒரே கடவுள் என்று நம்புகிறவர்கள் அப்படிப் பேச முடியாது. 'தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார்' என்கிறார் பவுல். இழப்பைச் சுமப்பவர் கடவுளேதான். சும்மா மன்னிப்பது என்று ஒன்று மனிதருக்குள்ளேயே கிடையாது என்பதும் யோசிக்க வேண்டியது. ஏமாற்றியவரை மனதார மன்னிப்பவர் அந்த நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார்.

நல்லவராக வாழ்ந்தால் கடவுள் ஏற்றுக்கொள்வாரா? விசுவாசம் மட்டும் போதுமா?

1517ல் மார்ட்டின் லூத்தர் கிளப்பிய புயலின் மையத்தில் நின்ற கேள்வி. விசுவாசத்தினால் மட்டுமே, அருளினால் மட்டுமே என்றார் லூத்தர். கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547ல், அருள்தான் தொடக்கம், ஆனால் மனிதர் அதனோடு ஒத்துழைக்கிறார் என்று பதில் ஆணை வெளியிட்டது. இரு தரப்பும் நூற்றாண்டுகளாக ஒருவரையொருவர் சபித்துக்கொண்டார்கள். பிறகு 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்த அருளே நற்செயல்களுக்கு நம்மைத் தகுதியாக்குகிறது என்று. 2006ல் மெத்தடிஸ்டுகளும் 2017ல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் இதில் இணைந்தார்கள். இவ்வளவு நடந்தும், 'அவர்கள் செயலால் மீட்பு என்கிறவர்கள்', 'இவர்கள் எப்படியும் வாழலாம் என்கிறவர்கள்' என்ற பழைய பேச்சு சபைகளில் ஓயவில்லை.

எல்லாம் கடவுளின் சித்தம் என்றால் மனிதருக்குச் சுதந்திரம் எங்கே?

சண்டை நீளமானது, பதிலைச் சுருக்குகிறேன். சீர்திருத்தவாதி கால்வினின் மரபினர், மீட்கப்படுபவரைக் கடவுளே தெரிந்தெடுக்கிறார் என்பதை முன்வைத்தார்கள். அர்மீனியுஸைப் பின்பற்றியவர்கள் மனிதரின் சம்மதத்தை வலியுறுத்தினார்கள். 1618-19ல் கூடிய கால்வின் மரபினரின் டோர்ட் சங்கம் அர்மீனியுஸ் தரப்பை நிராகரித்தது. கத்தோலிக்கத் தரப்பில் தொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் இதே விஷயத்தில் மோதினார்கள். ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. 1607ல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்பு எதுவும் சொல்லாமல், ஒருவரையொருவர் பதிதர், அதாவது தவறான போதனையாளர், என்று அழைக்கக் கூடாது என்று மட்டும் கட்டளையிட்டு அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்து ரோமை எடுத்த புத்திசாலித்தனமான முடிவுகளில் அதுவும் ஒன்று.

கடவுளிடம் கோபப்படலாமா? கேள்வி கேட்பது அவிசுவாசம் இல்லையா?

பைபிளை வைத்துப் பார்த்தால், தாராளமாகக் கேட்கலாம்.

சோதோம் நகரை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னதும் ஆபிரகாம் குறுக்கே நிற்கிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால்? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று படிப்படியாக இறக்குகிறார். கடவுள் ஒவ்வொரு முறையும் சரி என்கிறார். மக்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய விவகாரத்தில் கடவுள் மோசேயிடம், நீ எகிப்திலிருந்து நடத்திக்கொண்டு வந்த 'உன்' ஜனங்கள் கெட்டுப்போனார்கள் என்கிறார். மோசே திருப்பி, நீர் புறப்படப்பண்ணின 'உம்முடைய' ஜனங்களுக்கு விரோதமாய் ஏன் கோபம் என்கிறார். பிள்ளை சேட்டை செய்யும்போது 'உன் பிள்ளை', 'உங்கள் பிள்ளை' என்று பெற்றோர் மாறி மாறித் தள்ளிவிடுவார்களே, அதே தொனி. ஆபிரகாமின் பேரன் யாக்கோபு விடியும்வரை கடவுளோடு மல்லுக்கட்டி, இடுப்புச் சுளுக்கோடு ஆசீர்வாதமும் வாங்கி, இஸ்ரயேல் என்ற பெயரோடு திரும்புகிறார். ஒரு மக்கள் இனத்துக்கே அந்தப் பெயர்தான் நிலைத்தது.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. நண்பர்கள் விலகிப்போனார்கள், இருள்தான் மிச்சம் என்று அப்படியே நின்றுவிடுகிறது. அதை நீக்காமல் வழிபாட்டுப் பாடல்களோடு வைத்திருக்கிறார்கள் என்பதே ஒரு பதில்.

எல்லாவற்றிலும் வலுவான சாட்சி, பிள்ளைகளையும் உடைமையையும் இழந்து தவித்த யோபு. அவருடைய நண்பர்கள் பக்தியாகப் பேசுகிறார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், மனந்திரும்பு, கடவுள் அநியாயம் செய்வாரா? யோபு ஒத்துக்கொள்ளவில்லை, வழக்குப் பேசக் கடவுளையே வா என்கிறார். முடிவில் கடவுள் புயலிலிருந்து பேசி யோபின் அறிவின் எல்லையைக் காட்டுகிறார்தான். ஆனால் 42ஆம் அதிகாரத்தில் நண்பர்களிடம், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். துக்க வீட்டில் போய், எல்லாம் நன்மைக்கே என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தை மனப்பாடமே செய்துகொள்ளலாம்.

இயேசுவும் சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் சொல்லிக் கதறுகிறார்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?"

ஜெபித்தால் கடவுள் மனம் மாறுவாரா?

யாத்திராகமம் 32 மாறினார் என்கிறது. கடவுள் மாறாதவர் என்றும் பைபிள் சொல்கிறது. தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இதற்குச் சொன்ன விளக்கம்: கடவுளின் முடிவை மாற்ற நாம் ஜெபிப்பதில்லை, ஜெபத்தின் வழியாகக் கிடைக்கும்படி அவர் வைத்திருப்பதைப் பெற ஜெபிக்கிறோம். விதைக்காமல் பயிர் வராது என்பதும் கடவுளின் ஏற்பாடுதான், அதற்காக விதைப்பவர் கடவுளை மாற்றிவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. தர்க்கம் சரியாக இருக்கிறது. ஜெபிக்கும்போது யாருக்கும் இது ஞாபகம் வருவதில்லை என்பதும் உண்மை.

எவ்வளவு ஜெபித்தும் பதிலே இல்லை. கடவுள் என்னைக் கைவிட்டாரா?

பவுல் தம் உடலில் இருந்த ஒரு முள் நீங்க மூன்று முறை வேண்டினார். நீங்கவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் சிலுவையின் யோவான், எந்த ஆறுதலும் உணர முடியாத காலத்தை ஆன்மாவின் இருண்ட இரவு என்று விவரித்து, அதுவும் கடவுளோடான நெருக்கத்தின் ஒரு கட்டம் என்றார். 2007ல் அன்னை தெரேசாவின் தனிப்பட்ட கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை அவர் உணரவே இல்லை என்பது தெரிந்து பலர் அதிர்ந்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் அவர் தம் பணியை நடத்தினார்.

உங்கள் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் நோய் குணமாகவில்லை என்று யாராவது சொன்னால், மேலே உள்ள பவுலின் கதையைக் காட்டுங்கள். மருத்துவரிடம் போவதையும் நிறுத்த வேண்டாம்.

தந்தை என்று அழைப்பதால் கடவுள் ஆணா?

இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே கடவுள் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல, அவர் கடவுள் என்கிறது. ஏசாயா 49:15ல் பெற்ற பிள்ளையைத் தாய் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்கிறார் கடவுள். 66:13ல் தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்கிறார். 1373ல் காட்சிகள் கண்ட இங்கிலாந்தின் நார்விச் ஜூலியானா, இயேசுவை நம் தாய் என்றே எழுதினார். ஆயினும் இயேசு ஜெபத்தில் கடவுளை அழைத்த விதமும் சீடர்களுக்குக் கற்றுத்தந்த விதமும் தந்தை என்பதே. அதனால் சபைகள் அதை விடவில்லை. சொந்தத் தகப்பனால் காயப்பட்ட ஒருவருக்கு அந்தச் சொல் நெருடலாம். அவர் ஏசாயாவிலிருந்து தொடங்கட்டும்.

மனிதர் கடவுளாக முடியுமா?

ஆர்த்தடாக்ஸ் சபைகள் மீட்பை 'தெய்வமயமாதல்' என்று தயங்காமல் சொல்கின்றன. 2 பேதுரு 1:4 'திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்கள்' என்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கிரகோரி பலாமாஸ், கடவுளின் உள்ளியல்பு எட்ட முடியாதது, அவருடைய செயலாற்றல்களிலோ நாம் உண்மையாகவே பங்கு பெறுகிறோம் என்று வேறுபடுத்தினார். 1351ல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அதை ஏற்றது. இரும்பு நெருப்பில் பழுத்து ஒளிர்ந்தாலும் இரும்பாகவே இருக்கிறது என்பது அந்த மரபின் பழைய உவமை.

எனக்கும் கடவுளுக்கும் நடுவில் சபை எதற்கு?

தனியாக ஜெபிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் இயேசு கற்பித்த ஜெபம் 'எங்கள் பிதாவே' என்று பன்மையில் தொடங்குகிறது. காண்கிற சகோதரரிடம் அன்பில்லாதவர் காணாத கடவுளிடம் அன்புகூருவது எப்படி என்று யோவானின் முதல் நிருபம் கேட்கிறது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் புனிதர்களிடம் வேண்டுதல் கேட்பதையும், புரோட்டஸ்டன்டுகள் அதைத் தவிர்ப்பதையும் பலர் அறிவார்கள். கடவுளுக்கும் மனிதருக்கும் ஒரே மத்தியஸ்தர் கிறிஸ்துதான் என்ற 1 தீமோத்தேயு 2:5ஐ மூவரும் ஏற்கிறார்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவரோடு கடவுளுக்கு உறவே இல்லையா?

சாயல் எல்லாருக்கும் உரியது என்று மேலே பார்த்தோம், ஆகவே 'இல்லை' என்று யாரும் சொல்ல முடியாது. மீட்பு பற்றித்தான் கருத்து வேறுபாடு. கிறிஸ்துவை வெளிப்படையாக ஏற்பவருக்கு மட்டுமே என்று பல இவாஞ்சலிக்கல் சபைகள் போதிக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல் நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடுபவர்களும் மீட்படையலாம் என்றது. 1965ல் பிற மதங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றும் அறிவித்தது.

எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நம்பிக்கையாளர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

மாற்கு 9ல் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார். மகன் குணமாகிறான்.

இதையெல்லாம் நேரடியாகப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் லேவியராகமத்தின் பலி விதிகளில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு நற்செய்தியை எடுங்கள். 16 அதிகாரங்கள்தான், ஒரே அமர்வில் முடிக்கலாம். பிறகு ஆதியாகமம் முழுவதும். கூடவே தினம் ஒரு சங்கீதம், 88ஐயும் விட்டுவிடாமல். லூக்கா 15, ரோமர் 8, யோபின் முதல் மூன்று அதிகாரங்களும் கடைசி ஐந்தும் அதற்குப் பிறகு. யோபின் நடுப்பகுதி கவிதை, மெதுவாகத்தான் நகரும், அவசரப்பட வேண்டாம்.